வீட்டுப் பறவைகளுக்கு வைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"லவ் பேர்ட்ஸ் மந்தமா உட்கார்ந்திருக்கு, என்ன மருந்து கொடுக்கலாம்?" வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. சென்னையில் பதினான்கு வருடமாக பட்ஜியும், காக்டெய்ல் என்ற கொண்டை வைத்த கிளியும் வளர்க்கிறேன். அதில் பாதிக் காலம் தப்பாக வளர்த்தேன், மீதியைக் கால்நடை டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டேன். மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை. அது பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் பட்ஜியைத்தான். உண்மையான லவ் பேர்டைக் கடைக்காரர்கள் ஆப்பிரிக்கன் என்பார்கள். டாக்டரிடம் போனில் பேசும்போது எது என்று சரியாகச் சொல்லிவிடுங்கள்.

பறவைக்கு என்று தனியாக டாக்டர் இருக்கிறார்களா? எங்கே போவது?

பறவையை மட்டுமே பார்க்கும் டாக்டர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு முதல் பெயர் வேப்பேரி. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. மாடு, நாய், பூனையோடு பறவைகளும் அங்கே வரும். வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கிளம்பும் முன் பறவைகளை எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அடைபட்ட கூண்டோடு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பது பறவைக்கும் நல்லதில்லை.

பக்கத்தில் உள்ள தனியார் கிளினிக்கிடம் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். "கிளி, பட்ஜி எல்லாம் வழக்கமாகப் பார்ப்பீர்களா?" "கிராம் கணக்கில் எடை போடும் தராசு இருக்கிறதா?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலே நிறையச் சொல்லிவிடும். 35 கிராம் பறவைக்கு எடை தெரியாமல் மருந்து அளக்க முடியாது. நாய் பார்க்கும் டாக்டர், "எனக்குப் பறவை பழக்கமில்லை, இன்னாரிடம் போங்கள்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

1962 என்ற எண் தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கானது. அது ஆடு மாடு வளர்ப்பவர்களை மனதில் வைத்து ஓடுவது. பட்ஜிக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, பறவை நன்றாக இருக்கும்போதே ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவருக்கு உங்கள் பறவையின் சரியான எடை தெரிந்திருக்கும், உங்களிடம் அவர் எண் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் புது டாக்டரைத் தேடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பறவை நோயை மறைக்கும். காட்டில், சோர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் முடிகிறவரை எல்லாம் சரியாக இருப்பது போலவே நடந்துகொள்ளும். நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நோய் வந்துவிட்டது என்றால், அது பல நாள் பழைய நோய். "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

என் முதல் பட்ஜிக்கு நீலன் என்று பெயர். நாள் முழுக்கக் கிண்ணத்திலேயே கிடக்கும். "என்னமா சாப்பிடுறான் பாரு" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தபோது, வாங்கின கடையில் கேட்டு ஒரு பொடி வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் கூண்டின் அடியில் கிடந்தான். கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, இறகுக்கு உள்ளே உடம்பே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் குத்தியது. அந்தக் குண்டான உருவம் வெறும் இறகு உப்பல்.

அன்றிலிருந்து இரண்டு வேலையை விடுவதில்லை. முதல் வேலை, கிண்ணத்தை ஊதிப் பார்ப்பது. தினையைக் கொறித்த பிறகு உமி கிண்ணத்திலேயே விழும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், ஊதினால் உமியெல்லாம் பறந்து அடியில் ஒன்றுமே இருக்காது. நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடந்த பறவைகள் உண்டு.

இரண்டாவது, எடை. சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வித்தியாசம் காட்டினால் சரி. அதன் மேல் ஒரு சின்னக் குச்சி நிறுத்தி, தினைக் கதிரைக் காட்டினால் பத்து நாளில் பறவை தானே வந்து ஏறிக்கொள்ளும். காலையில் இரை போடும் முன் எடை போட்டு, காலண்டரில் எழுதுங்கள். பட்ஜி 30 முதல் 40 கிராம், காக்டெய்ல் 80 முதல் 100 கிராம் இருக்கும். 35 கிராம் பட்ஜி 3 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் 5 கிலோ இளைத்த மாதிரி. பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றைக்கே டாக்டர்.

இவை தவிர, பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, குச்சியை விட்டுக் கூண்டின் தரையில் உட்காருவது, குரல் மாறுவது, தலையில் வாந்தி ஒட்டியிருப்பது எல்லாம் நோயின் அறிகுறி. வால் ஆட்டமும் தரையில் உட்காருவதும் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

எச்சத்தில் என்ன பார்க்க வேண்டும்?

கூண்டின் அடியில் மணலோ மரத்தூளோ வேண்டாம், பழைய செய்தித்தாள் போடுங்கள். அப்போதுதான் எச்சம் தெரியும். ஆரோக்கியமான எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையோ பழுப்போ கலந்த மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். பழமோ வெள்ளரிக்காயோ சாப்பிட்டால் நீர் கூடும், பீட்ரூட் கொடுத்தால் சிவக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். தார் மாதிரிக் கறுத்து வந்தால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். தினை முழுசாகவே வெளியே வந்தால் செரிமானம் நடக்கவில்லை. நாள் முழுக்கச் சாப்பிட்டும் இளைக்கும் பட்ஜியிடம் இதைக் கட்டாயம் தேடுங்கள். நான் நீலனிடம் தேடவில்லை.

ராத்திரி ஆகிவிட்டது, டாக்டர் கிடைக்கவில்லை. காலை வரை என்ன செய்வது?

சூடு கொடுங்கள். பறவையின் உடம்பு 40 டிகிரிக்கு மேல் இருக்கும். நோயில் அதன் பலமெல்லாம் அந்தச் சூட்டைக் காப்பாற்றவே போய்விடும். வெளியிலிருந்து சூடு கிடைத்தால் அந்தப் பலம் மிஞ்சும்.

சின்னக் கூண்டில் குச்சிகளைக் கழற்றிவிட்டுத் தரையில் மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். இரையும் தண்ணீரும் அலகுக்கு எட்டும் உயரத்தில், தரையிலேயே இருக்கட்டும். மூன்று பக்கமும் துணி போட்டு மூடி, ஒரு பக்கத்துக்கு வெளியே 40 வாட் குண்டு பல்பை, துணியில் படாதபடி வையுங்கள். எல்.இ.டி. பல்பு சூடு தராது. பல்பு இருக்கும் பக்கம் 30 டிகிரி இருந்தால் போதும். மறு பக்கம் குளிர்ந்தே இருக்கட்டும், வேண்டுமானால் பறவை தள்ளிப் போய்க்கொள்ளும். வாயைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டால் சூடு அதிகம், பல்பைத் தள்ளி வையுங்கள். கரண்ட் இல்லையா? வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இஞ்சிச் சாறு, பூண்டுத் தண்ணீர், குளுக்கோஸ், எதுவும் வேண்டாம். பறவையின் மூச்சுக்குழாய் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கும். சோர்ந்த பறவைக்கு ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

பூனை கவ்விவிட்டால் மட்டும் காலை வரை பொறுக்காதீர்கள். காயமே தெரியாவிட்டாலும் சரி, பூனைப் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். யாரையாவது எழுப்பியே ஆக வேண்டும்.

கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துப் பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கலாமா?

கூடாது. அந்தப் பொடி பெரும்பாலும் கோழிகளுக்கு வரும் ஆன்டிபயாட்டிக். உங்கள் பறவைக்கு இருப்பது பூஞ்சையா, பூச்சியா, வைரஸா, முட்டை அடைப்பா என்று யாருக்கும் தெரியாது. பாக்டீரியாவுக்கான மருந்தால் பூஞ்சை இன்னும் வளரும். அப்புறம், நோயாளிப் பறவை தண்ணீரே கொஞ்சம்தான் குடிக்கும், மருந்து கசந்தால் அதையும் விட்டுவிடும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று சொல்ல ஆளே இல்லை. இதில் ஐந்து நாள் போய்விடும். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை, ஆனால் அவர் பறவையைப் பார்க்காமல்தான் கொடுக்கிறார்.

டாக்டரிடம் எப்படிக் கொண்டுபோவது? அங்கே என்ன செய்வார்கள்?

கூண்டைக் கழுவிச் சுத்தமாக்கிக்கொண்டு போகாதீர்கள். விருந்துக்குப் போகிற மாதிரி எல்லாவற்றையும் துடைத்து வருகிறார்கள், டாக்டருக்குத் தேவையான எச்சம் சாக்கடையில் போயிருக்கும். ராத்திரி எச்சம் விழுந்த காகிதத்தை அப்படியே மடித்து எடுத்துப் போங்கள். எடை எழுதிய காலண்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல், மணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ஆட்டோ குலுங்கும்போது மேலே இடிக்கும். கூண்டுக்கு மேல் மெல்லிய துண்டு போட்டால் பறவை அமைதியாக வரும்.

நல்ல டாக்டர் உடனே கையை உள்ளே விடமாட்டார். கொஞ்ச நேரம் கூண்டுக்கு வெளியிலிருந்தே மூச்சைப் பார்ப்பார். பிறகு எடை, வாய், கண், இறகு, ஆசனவாய், நெஞ்செலும்பின் இரு பக்கச் சதை. எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மலிவான சோதனை, பலனும் பெரியது, வேண்டும் என்று கேளுங்கள். ரத்தம் எடுப்பது பட்ஜிக்குச் சுலபமில்லை. அதன் உடம்பில் மொத்தமே 3 மில்லி அளவுதான் ரத்தம், அதில் 0.3 மில்லிக்கு மேல் எடுப்பது நல்லதில்லை.

நீங்கள் பிடிக்க வேண்டி வந்தால் நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசை (உதரவிதானம்) கிடையாது. துருத்தி மாதிரி நெஞ்சு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சு முட்டிவிடும். தலையின் இரு பக்கமும் இரண்டு விரல், முதுகு உள்ளங்கையில், நெஞ்சு காற்றாட விட்டுவிடுங்கள்.

சில நூறு ரூபாய்ப் பறவைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வதா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஜோடி வாங்கின விலையை வைத்து இந்தக் கேள்வி வருகிறது. வாங்கின விலை அதன் உயிரின் விலை இல்லை. கூண்டில் அடைத்தது நாம், அதனால் அது தானாக இரையோ மருந்தோ தேட முடியாது. பணம் குறைவு என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், எந்தச் சோதனை முக்கியம் என்று அவர் பிரித்துச் சொல்வார். அரசுக் கல்லூரி மருத்துவமனைகளில் செலவும் குறைவு.

தடுப்பூசி உண்டா?

பட்ஜி, காக்டெய்ல், கன்யூர் போன்ற கிளி வகைகளுக்கு நம் நாட்டில் வழக்கமாகப் போடும் தடுப்பூசி எதுவும் இல்லை. கோழிக்கும் புறாவுக்கும் வெள்ளைக் கழிச்சலுக்கு உண்டு. மாடியில் புறா வளர்ப்பவர்கள் அதைக் கேட்டுப் புறாக்களுக்குப் போட்டுவிடுங்கள்.

என்ன இரை கொடுக்கலாம்?

டாக்டரிடம் வரும் நோயில் பெரும் பங்கு கிண்ணத்தில் தொடங்குகிறது. சூரியகாந்தி விதையையே தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு கூடி ஈரல் கெடும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கிலும் வாயிலும் தொற்று வரும். தினை, சாமை, கம்பு கலந்து கொடுங்கள். தினமும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். என் காக்டெய்ல்கள் முருங்கையைக் காம்பு மட்டும் மிஞ்ச உருவிவிடும். கேரட், பூசணி, கொத்தமல்லி எல்லாம் நல்லது. பெல்லட் என்ற குச்சித் தீவனத்துக்கு மாற்றுவதானால் எடை பார்த்துக்கொண்டே மெல்ல மாற்றுங்கள், திடீரென்று மாற்றினால் சில பறவைகள் தொடவே தொடாது.

கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். அது கணவாயின் ஓடுதான். பறவைக் கடையில் பாக்கெட்டில் விற்கும் அதே பொருள்.

அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர், இவை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் எதெல்லாம் ஆபத்து?

சீலிங் ஃபேன். எங்கள் வட்டத்தில் பார்த்த காயங்களில் முக்கால்வாசி இதனால்தான். கூண்டைத் திறக்கும் முன் ஸ்விட்சை அணைத்து, இறக்கை நின்றதா என்று பார்த்துவிட்டுத் திறப்பதை வீட்டுச் சட்டமாகவே வையுங்கள்.

அடுத்தது புகை. நான்ஸ்டிக் தோசைக்கல் காலியாக அடுப்பில் காய்ந்து போனால் அதன் பூச்சிலிருந்து வரும் வாயு நம் மூக்குக்குத் தெரியாது, பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டு சமையலறைப் பக்கமே இருக்கக் கூடாது, இரும்புக் கல்லுக்கு மாறிவிட்டால் இன்னும் நல்லது. கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதையும் பறவை இருக்கும் அறையில் போடாதீர்கள். கொசுவுக்கு, கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டுங்கள். போகி அன்று விடியும் முன்பே ஜன்னலைச் சாத்திவிடுங்கள். தீபாவளிக்கு உள் அறையில், மூன்று பக்கம் மூடி, சின்ன விளக்கு எரியவிடுங்கள். காக்டெய்ல் இருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் மிரண்டு கம்பியில் மோதி ரத்தம் வர அடித்துக்கொள்ளும். வெளிச்சம் இருந்தால் குச்சியைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடும்.

பெண் பறவை அடியில் உட்கார்ந்து முக்குகிறது, வயிறு வீங்கியிருக்கிறது. என்ன அது?

முட்டை மாட்டியிருக்கலாம். கால்சியம் குறைந்த பறவைக்கும், ஓயாமல் முட்டை போடவிட்ட பறவைக்கும் இது வரும். மேலே சொன்னபடி சூடு கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். எண்ணெய் தடவி அழுத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே முட்டை உடைந்தால் பிழைப்பது கஷ்டம். அவர் கால்சியம் ஊசி போடுவார், தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து எடுப்பார்.

நகம், சிறகு வெட்டலாமா?

நகத்துக்குள் ரத்தக் குழாய் ஓடும். முதல் தடவை டாக்டர் வெட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்துங்கள். சிறகு வெட்டுவது எனக்குப் பிடிக்காது. பறப்பதுதான் அதன் உடற்பயிற்சி.

பறவையிடமிருந்து நமக்கு நோய் வருமா?

வரலாம். சிட்டகோசிஸ் என்ற கிளிக் காய்ச்சல் முக்கியமானது. காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் தொற்றும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் நீடித்தால் உங்கள் டாக்டரிடம் "வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். தெரிந்துவிட்டால் நல்ல மருந்து இருக்கிறது. கூண்டைப் பெருக்காதீர்கள். காகிதத்தில் தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு சுருட்டி எடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம்.

பச்சைக்கிளிக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தது. வளர்க்கலாமா?

நம் ஊர்ப் பச்சைக்கிளி, மைனா, சில்லை எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்டிருந்தால் முதலுதவி செய்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அடிபடாத குஞ்சு என்றால், பொந்து எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

வெளிநாட்டுப் பறவைகளில் பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் பதிவு வேண்டாம். சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்றவற்றை 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும், பிறப்பு இறப்பையும் தெரிவிக்க வேண்டும்.

புதுப் பறவையை உடனே பழைய கூண்டில் விடலாமா?

ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். பழைய பறவைக்கு இரை போட்ட பிறகுதான் புதுசிடம் போக வேண்டும். அந்த மாதத்திலேயே எச்சச் சோதனையும் முடித்துவிடுங்கள்.

பறவை இறந்துவிட்டது. எதனால் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். வேறு பறவைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். உடலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் திசுக்கள் கெட்டுவிடும். ஒரு நாளுக்குள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் பிரேதப் பரிசோதனை செய்து சொல்வார்கள்.

நீலனைச் செம்பருத்திச் செடிக்குக் கீழே புதைத்துவிட்டேன். அடுத்த வருடம் இன்னொரு பட்ஜி, அதே மாதிரி நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்து இறந்தபோது, அழுதுகொண்டேதான் பையில் கட்டினேன். வயிற்றில் மேக்ரோராப்டஸ் என்ற பூஞ்சை என்றார்கள். மற்ற நான்கு பறவைகளின் எச்சத்தையும் சோதித்தோம், மூன்றில் அது இருந்தது. ஒரு மாதம் பூஞ்சை மருந்து, தினமும் தராசு. மூன்றும் பிழைத்தன. அதில் மஞ்சள் பட்ஜி அதற்குப் பிறகு ஆறு வருடம் தினமும் காலையில் தானாகவே தராசில் வந்து நின்றது.